வெட்டிய கல்லை ஒட்ட முடியாது: ஓர் அடுப்படி மாற்றிய கதை

‘அண்ணாச்சி, அளவ இன்னொரு தடவ பாத்துக்கிடுங்க, வெட்டிட்டா ஒட்ட முடியாது’ என்று கிரானைட் வெட்ட வந்தவர் மூன்று முறை சொன்னார். நானும் மூன்று முறை டேப்பை வைத்துப் பார்த்தேன். அகலம் 56 சென்டிமீட்டர், முன்பின் 48. கல்லை வெட்டி உள்ளே இறக்கும் கேஸ் அடுப்பு, அதாவது ஹாப், அதோடு வந்த காகிதத்தில் அச்சடித்திருந்த அளவும் அதுவேதான். அளவில் ஒரு தப்பும் இல்லை. அந்த ஓட்டையே எங்களுக்குத் தேவையில்லை என்பது நான்கு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

பாளையங்கோட்டையில் அப்பா கட்டிய பழைய வீடு. அடுப்படியில் கடப்பாக்கல் மேடை, மேலே இரண்டு பர்னர் ஸ்டவ், மூலையில் ஒரு மைக்ரோவேவ், அவ்வளவுதான் இருந்தது. 2023-இல் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கலாம் என்று ஆரம்பித்து, குழாய், வயரிங், தரை என்று இழுத்துக்கொண்டே போய் அடுப்படியில் வந்து நின்றது. எங்கள் வீட்டில் அடுப்பைத் தொடுகிறவர்கள் நாலு பேர். அம்மா கல்சட்டி, ஈயச்சொம்பு, வெண்கலப் பானை கட்சி. நான் காலையில் தோசை, ராத்திரி மிச்சமிருப்பதை வைத்து ஏதோ ஒன்று. மனைவிக்கு வங்கி வேலை, எட்டரைக்குக் கிளம்பியாக வேண்டும், அவளுக்கு வேண்டியது வேகம் மட்டும். பதினொன்றாவது படிக்கும் மகளுக்குக் கேக், பிஸ்கட். இதைக் கொஞ்சம் யோசித்திருந்தாலே பாதிப் பணம் மிச்சமாகியிருக்கும். நான் யோசித்தது மேடை பார்க்க எப்படி இருக்கும் என்று.

மாடுலர் கிச்சன் போட வந்தவர் ‘ஹாப், சிம்னி, பில்ட்-இன் ஓவன், செட்டா போட்டுருவோம் சார்’ என்றார். தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை: கடைக்காரர்கள் ஸ்டவ் என்றால் மேடைமேல் காலூன்றி நிற்பது. ஹாப் என்றால் கல்லை வெட்டி உள்ளே இறக்குவது, மேலே கண்ணாடியும் பர்னரும் மட்டும் தெரியும். இரண்டுக்கும் நடுவே ஹாப்டாப் என்று ஒன்று இருக்கிறது, கால் வைத்து மேடைமேலும் வைக்கலாம், காலைக் கழற்றிவிட்டுக் கல்லுக்குள்ளும் இறக்கலாம். மனசு உறுதியாகாதவர்கள் அதை வாங்கி, கல்லை வெட்டாமல் ஒரு வருஷம் மேலே வைத்துப் பழகிவிட்டு அப்புறம் முடிவு செய்யலாம். எனக்கு இதைச் சொல்ல ஆளில்லை, நானும் கேட்கவில்லை. நாலு பர்னர் ஹாப் ஒன்று வாங்கினேன்.

கல் வெட்டும் வேலையை மட்டும் பக்கத்திலிருந்து பார்த்தேன், அது நல்ல வேலை. அந்த ஆள் கோடு போட்டதும் நேரே கட்டரை எடுக்கவில்லை. நாலு மூலையிலும் முதலில் டிரில் வைத்து ஒரு வட்டத் துளை போட்டார். மூலை சதுரமாக, கூர்மையாக இருந்தால் விரிசல் அங்கேயிருந்துதான் ஓடுமாம், உருண்டையாக இருந்தால் ஓடாது. அப்புறம் மகள் குவளையில் தண்ணீர் ஊற்ற ஊற்ற, பால் மாதிரி சேறு வழிய வழிய, இருபது நிமிடம் வெட்டினார். நடுவில் இருந்த துண்டு கீழே விழுந்துவிடாமல் அலமாரிக்குள் இரண்டு மரக்கட்டையை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார். முன்பக்கம் மிஞ்சிய கல் ஆறு சென்டிமீட்டர்தான். ‘இதுல யாரும் ஏறி உக்காராதீங்க’ என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஹாப்பை இறக்கியதும் அம்மா வந்து பார்த்து, ‘ஏல, இது அடுப்பா டீவியா?’ என்றாள்.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும், அம்மாவுக்கு ஹாப்பில் ஒரு விஷயம் பிடித்துப்போனது. அவள் உயரம் நாலடி பத்து அங்குலம். மேடை 85 சென்டிமீட்டர், அதன்மேல் ஸ்டவ் பன்னிரண்டு சென்டிமீட்டர், அதன்மேல் பானை என்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டித்தான் பார்க்க வேண்டும். ஹாப்பில் பாத்திரம் மேடையை ஒட்டியே உட்காரும், தோளைத் தூக்காமல் கிண்டலாம். ஹாப் பற்றி விற்கிறவர்கள் அழகைச் சொல்வார்கள், துடைப்பது சுலபம் என்பார்கள். இந்த உயர விஷயத்தை யாரும் சொல்லிக் கேட்டதில்லை, உண்மையான லாபம் அதுதான்.

தொல்லைகள் ஒவ்வொன்றாக வந்தன. அறுபது சென்டிமீட்டரில் நாலு பர்னர் என்பது படத்தில்தான் நாலு. இட்லிக் கொப்பரையை ஒன்றில் வைத்தால் பக்கத்துப் பர்னருக்கு இடமில்லை, அதன் பின்னால் இருப்பதற்குக் கை எட்டாது. நாங்கள் நடைமுறையில் ஓட்டியது இரண்டரை பர்னர். கல்சட்டியின் அடி உருண்டை, கனமும் அதிகம், அந்த ஒல்லிக் கம்பிமேல் அது ஆடும்போதெல்லாம் கண்ணாடியைப் பார்த்து எனக்குத்தான் நெஞ்சு ஆடும்.

மூன்றாவது மாதம் பால் பொங்கியது. பால் பொங்காத வீடு உண்டா? துடைத்தாயிற்று. மறுநாள் காலை அந்தப் பர்னர் பற்றுகிறது, திருகும் குமிழை விட்டதும் அணைகிறது. பத்து எண்ணும்வரை அழுத்திப் பிடித்தாலும் அதே கதை.

இதில் ஒரு பாதுகாப்பு அமைப்பு உண்டு, எஃப்எஃப்டி என்பார்கள். பர்னரை ஒட்டி பென்சில் முனை மாதிரி ஓர் உலோகக் குச்சி நிற்கும், அதுதான் தெர்மோகப்பிள். தீயில் அது சூடாகும்போது சில மில்லிவோல்ட் மின்சாரம் உண்டாகி, கேஸ் வால்வில் இருக்கும் சின்ன மின்காந்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். காற்றிலோ பால் பொங்கியோ தீ அணைந்தால் குச்சி ஆறும், காந்தம் விடும், ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். பற்றவைத்ததும் மூன்று நாலு நொடி குமிழை அழுத்திப் பிடிக்கச் சொல்வது அந்தக் குச்சி சூடாகத்தான்.

சிலிண்டரை அடைத்துவிட்டுப் பர்னர் மூடியை எடுத்தேன். குச்சியின் முனையில் கருகிய பால் வார்னிஷ் மாதிரி கெட்டியாகப் பிடித்திருந்தது. கத்தியால் சுரண்டாதீர்கள், முனை மெல்லியது. ஜீரோ நம்பர் எமரித் தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து, குச்சியைச் சுற்றிப் பிடித்து, நாலு திருப்பு திருப்பினால் உலோகம் பளபளவென்று தெரியும். அதோடு அதன் கிளிப் லேசாக நழுவி, முனை தீக்கு எட்டாமல் மூன்று மில்லிமீட்டர் கீழே இறங்கியிருந்தது, அதையும் மேலே தள்ளினேன். பற்றவைத்தேன், மூன்று எண்ணினேன், விட்டேன், நின்றது. செலவு ஓர் எமரித் தாள். சர்வீஸுக்குப் போன் செய்தபோது வந்து பார்க்க மட்டும் 400 ரூபாய் சொல்லியிருந்தார்கள், அதனால் அன்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்.

மூன்று வாரத்தில் இன்னொரு பர்னரில் அதே வியாதி. இந்த முறை முனை சுத்தமாகத்தான் இருந்தது. கீழே வால்வில் போய்ச் சேருகிற இணைப்பு தளர்ந்திருக்க வேண்டும், பார்க்க வேண்டுமென்றால் ஹாப்பைத் தூக்க வேண்டும். தூக்கினால் வரவில்லை. பெட்டியில் நுரைப் பட்டை கொடுத்திருந்தும், மாட்டிய ஆள் கண்ணாடியைச் சுற்றி சிலிக்கானை அப்பியிருந்தார். பிளேடு வைத்து அறுத்து, கண்ணாடி விளிம்பில் படாமல், அரை நாள். அந்த விளிம்பு பயம் சும்மா இல்லை, டெம்பர் செய்த, அதாவது சூடாக்கிக் கெட்டிப்படுத்திய கண்ணாடி நடுவில் நல்ல கனத்தைத் தாங்கும், ஓரத்தில் சின்ன அடி பட்டால் மொத்தமாகக் கற்கண்டு மாதிரி உதிர்ந்துவிடும்.

ஹாப்பைத் தூக்கியதும் இணைப்பு மறந்துபோயிற்று. கீழே ஆரஞ்சு ஹோஸ் டிராயரின் பின்னால் வளைந்து போகிறது, டிராயரை மூடும் ஒவ்வொரு முறையும் அதன் பின்பலகை விளிம்பு ஹோஸில் போய் முட்டியிருக்கிறது. நாலு மாதம், ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை. ஆரஞ்சுத் தோல் நகம் அளவுக்குத் தேய்ந்து, உள்ளே பின்னியிருக்கும் கம்பி மின்னிக்கொண்டிருந்தது. அந்தக் கம்பிக்கும் கேஸுக்கும் நடுவே இன்னொரு ரப்பர் தோல்தான். ரெகுலேட்டரைக் கழற்றி மூடியைப் போட்டுவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தேன். அன்றைக்கு ஹோட்டல் சாப்பாடு.

புது ஹோஸ் வாங்கி வேறு வழியாக ஓட்டிச் சமாளித்திருக்கலாம். ஆனால் நாம் தினமும் பார்க்க முடியாத இடத்தில் ஹோஸ் ஓடுவது என்ற ஏற்பாடே எனக்குப் பிடிக்கவில்லை. பரணிலிருந்து பழைய இரண்டு பர்னர் ஸ்டவ்வை இறக்கி, ஓட்டைக்குப் பக்கத்தில் வைத்தோம். ‘இனிமே பாத்திரத்தைப் பாத்து அடுப்பு வாங்குல’ என்றாள் அம்மா. அந்த வாக்கியத்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

அதைத்தான் செய்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தனை பாத்திரத்தையும் கூடத்தில் பரப்பி, மகள் பிரிட்ஜ் கதவுக் காந்தத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றின் அடியிலும் ஒட்டிப் பார்த்தாள். கரண்ட்டில் ஓடும் இண்டக்ஷனுக்கு மாறலாமா என்று பார்க்கத்தான், இண்டக்ஷன் அடுப்பு காந்தம் பிடிக்கும் அடியைத்தான் சூடாக்கும். நாற்பத்தொரு பாத்திரத்தில் பதின்மூன்றில்தான் ஒட்டியது. கல்சட்டி, வெண்கலப் பானை, அலுமினிய இட்லிக் கொப்பரை, பெரிய அலுமினியக் குக்கர் ஒட்டாது என்பது தெரிந்ததுதான். எதிர்பாராதது எவர்சில்வர். நாம் வழக்கமாக வாங்கும் குண்டான், பால் பாத்திரம் எல்லாம் பெரும்பாலும் காந்தம் பிடிக்காத வகை எவர்சில்வர், பார்த்தால் இரும்பு மாதிரித்தான் இருக்கும், ஒட்டாது. அடியில் வேறு உலோகத் தட்டு வைத்து அழுத்திய, இண்டக்ஷனுக்கென்று விற்பவைதான் ஒட்டின. கடைக்குப் போகும்போது சட்டைப்பையில் ஒரு காந்தம் இருக்கட்டும், லேபிளை நம்பாதீர்கள்.

மச்சான் வீட்டிலிருந்து ஓர் இண்டக்ஷன், கீழ்வீட்டிலிருந்து ஓர் இன்ஃப்ராரெட் அடுப்பு (கண்ணாடிக்குக் கீழே கம்பிச்சுருள் சிவந்து சூடு தருவது), இரண்டும் 2000 வாட், கடன் வாங்கி வந்தோம். மின்வாரிய மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும், எங்கள் மீட்டரில் 1600 மினுக்கு ஒரு யூனிட், மீட்டர் முகத்திலேயே எழுதியிருக்கிறது. வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மகள் செல்போனில் அதை வீடியோ எடுத்து எண்ணினாள். கேஸுக்கு, முனைக்கடையில் கடன் கேட்ட எலக்ட்ரானிக் தராசில் சிலிண்டரை வைத்து, அஞ்சு தடவை கொதிக்கவைத்து மொத்தமாக எவ்வளவு குறைகிறது என்று பார்த்தோம், ஒரு தடவைக்கு என்றால் தராசு காட்டாது. மூடி போட்ட பாத்திரம், 2 லிட்டர் தண்ணீர், கொதி வரும்வரை. இண்டக்ஷன் ஆறு நிமிடத்துக்குள் முடித்தது, 304 மினுக்கு, அதாவது 0.19 யூனிட். இன்ஃப்ராரெட் எட்டு நிமிடம், 0.26 யூனிட். கேஸும் எட்டு நிமிடம்தான், ஒரு கொதிக்கு 24 கிராம். கேஸின் வெப்பத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் தண்ணீருக்குப் போகிறது, மிச்சம் பாத்திரத்தின் பக்கவாட்டில் ஏறிச் சமைக்கிறவரைச் சூடாக்குகிறது. ஸ்டவ்வுக்கான ஐஎஸ்ஐ தரம் குறைந்தது 68 சதவீதம் வேண்டும் என்கிறது, ஆனால் அது சோதனைச் சாலையில், அதற்கென்றே அளவெடுத்த பாத்திரத்தில். எங்களுடையது பழைய ஸ்டவ், பக்கத்தில் ஜன்னல் வேறு.

தண்ணீர் கொதிக்க வைப்பது மட்டுமா சமையல்? அடுத்தது தோசை. கனத்த இரும்புத் தோசைக்கல்லை இண்டக்ஷனில் வைத்து மாவை ஊற்றினேன். நடுவில் இருக்கும் கம்பிச்சுருள் கல்லை விடச் சின்னது, அதற்கு நேர்மேலே இருக்கும் வட்டம் சிவந்து, விளிம்பு வெள்ளையாகக் கிடந்தது, மோதிரம் போட்ட தோசை. சூட்டைக் குறைத்து, கல்லைப் பத்து நிமிடம் மெதுவாகக் காயவிட்டால் பரவாயில்லை, ஆனால் காலை ஏழரை மணிக்கு அந்தப் பத்து நிமிடத்தை யார் கொடுப்பது. எடுத்ததும் அதிக வாட்டில் வைத்தால் கல்லே வளையும். இன்ஃப்ராரெட்டில் தோசை நன்றாக வந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் அணைத்த பிறகும் கண்ணாடி வெகுநேரம் கொதித்துக்கொண்டிருக்கிறது, மனைவி கரித்துணியை அதன்மேல் போட்டு ஒரு துணி போயிற்று.

கடைசிப் பரீட்சை சொதி. திருநெல்வேலிக்காரர்களுக்கு விளக்க வேண்டாம், மறுவீட்டுச் சாப்பாடு என்றால் சொதிதான். மற்றவர்களுக்கு: மூன்றாம் பால், இரண்டாம் பாலில் காயும் பாசிப்பருப்பும் வெந்தபின், கடைசியில் கெட்டித் தேங்காய்ப்பாலை ஊற்றி, கொதிக்க விடாமல், ஓரத்தில் நுரை கூடும்போதே இறக்க வேண்டும். கொதித்தால் திரியும். இண்டக்ஷனை ஆகக் குறைந்த 200 வாட்டில் வைத்தோம். திரையில்தான் 200. மீட்டர் விளக்கைப் பார்த்தால் சில நொடி படபடவென்று அடிக்கிறது, சில நொடி ஓய்ந்து கிடக்கிறது. அதாவது அந்த மாடலால் தொடர்ச்சியாகக் குறைந்த சூடு கொடுக்க முடியவில்லை, ஆயிரம் வாட்டைப் போட்டுப் போட்டு நிறுத்திச் சராசரியாக 200 காட்டுகிறது. சொதியில் அது அப்படியே தெரிந்தது: நடுவில் குபுக்கென்று கிளம்பும், அடங்கும், மறுபடி குபுக். நாலாவது குபுக்கில் ஓரம் திரிந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போய்ச் சின்னப் பர்னரில் வைத்து, கைக்கு வந்த அளவு தீயைக் குறைத்து, எலுமிச்சை பிழிந்து கரை சேர்த்தாள். அன்றைக்கு நாங்கள் சாப்பிட்டது திரிந்த சொதிதான், இஞ்சித் துவையலோடு அதுவும் போயிற்று.

ஈயச்சொம்பு பற்றி ஒரு வார்த்தை. ஈயம் என்று நாம் சொல்வது வெள்ளீயம், அது 232 டிகிரியிலேயே உருகிவிடும். புளித்தண்ணீர் உள்ளே இருக்கிறவரை சொம்பு நூறு டிகிரிக்கு மேல் ஏறாது, அதனால் பிழைக்கிறது. இண்டக்ஷனில் அது சூடாகவே ஆகாது. இன்ஃப்ராரெட்டில் கம்பிச்சுருள் சிவந்த பிறகு அணைத்தாலும் கீழே கொதிப்பு தங்குகிறது, ரசத்தை ஊற்றிவிட்டுக் காலிச் சொம்பை மறந்து அதன்மேலேயே வைத்தால் சொம்பு போய்விடும். கேஸில் தீயை மூடினால் தீ இல்லை, கதை முடிந்தது. எங்கள் வீட்டில் கேஸ் இருந்தே ஆக வேண்டும் என்பது அந்த ஞாயிற்றுக்கிழமையே முடிவாகிவிட்டது.

இனி பணம். 2023 கடைசியில் சிலிண்டர் 920 ரூபாய் பக்கம். எங்களுக்கு நாற்பது நாளைக்கு ஒன்று, ஆக இரண்டு மாதத்துக்கு ஒன்றரை, 1380 ரூபாய். எங்கள் கொதிநீர்க் கணக்குப்படி ஒரு சிலிண்டர் செய்யும் வேலையை இண்டக்ஷனில் செய்ய 112 யூனிட் ஆகும், ஒன்றரைக்கு 168. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு வழக்கமாக 370 யூனிட். அப்போது இருந்தது 2022 செப்டம்பரில் மாற்றிய கட்டணம்: முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட் ஒன்றுக்கு 2.25 ரூபாய், அப்புறம் 400 வரை 4.50, 500 வரை 6. ஆனால் மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.25 சலுகை கிடையாது, 101-இலிருந்தே 4.50, 500-க்கு மேல் போவது 8. சமையல் முழுவதையும் இண்டக்ஷனுக்கு மாற்றினால் 538 யூனிட், பில் 990-இலிருந்து 2254-க்குப் போகும். கேஸ் மிச்சம் 1380, கரண்ட் கூடுதல் 1264, கையில் நிற்பது 116 ரூபாய். பாதியை மட்டும் மாற்றினால் 454 யூனிட், கரண்ட் கூடுதல் 459, கேஸ் மிச்சம் 690, கையில் நிற்பது 231. பாதி மாறினால் இரட்டிப்பு லாபம்! மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன், மனைவி வங்கிக்காரி, அவளும் பார்த்தாள். விலைகள் அப்புறம் மாறியிருக்கின்றன, உங்கள் பில்லை வைத்து நீங்கள் போட்டுப் பாருங்கள், ஆனால் 500-ஐத் தாண்டுகிற இடத்தில் நின்று யோசியுங்கள். ஏசி ஓடும் வீட்டில் மே மாதக் கணக்கே வேறு.

மச்சான் ‘அப்போ நாலு வட்டம் இருக்கிற பில்ட்-இன் இண்டக்ஷனை அந்த ஓட்டையிலேயே இறக்கிடுங்களேன்’ என்றார். கேட்க நன்றாக இருந்தது. நாலும் சேர்ந்து ஏழாயிரம் வாட்டுக்கு மேல், 230 வோல்ட்டில் முப்பது ஆம்பியர். எலக்ட்ரீஷியன் 6 ஸ்கொயர் எம்எம் வயர் தனியாக இழுத்து 32 ஆம்பியர் எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) போட வேண்டும் என்றார். புதிதாகப் பூசிய சுவரை மறுபடி கொத்த வேண்டும், அதோடு மோட்டாரும் கெய்சரும் ஓடுகிற நேரத்தில் எங்கள் இணைப்பு தாங்குமா என்று அவர் முகத்தைச் சுளித்தார். ஒற்றை இண்டக்ஷன் 2000 வாட் என்றால் ஒன்பது ஆம்பியர்கூட இல்லை, ஏற்கெனவே போட்டிருந்த 16 ஆம்பியர் சாக்கெட் போதும். ஆறு ஆம்பியர் சாக்கெட்டில் மாற்றி பிளக் போட்டு ஓட்டுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன், பிளக் மஞ்சளாகிக் கருகியிருக்கும், தயவுசெய்து வேண்டாம்.

அடுத்து ஓவன் கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். பில்ட்-இன் வைக்க அறுபது சென்டிமீட்டர் கட்டம் அலமாரியில் விட்டிருந்தார்கள். மகள் சுடுவது மாதத்துக்கு இரண்டு தடவை, ஒரு கேக் அல்லது ஒரு தட்டு பிஸ்கட். அதற்காக 65 லிட்டர் அறையைச் சூடாக்குவது இட்லி நாலுக்கு அண்டா ஏற்றுவது மாதிரி, விலையும் சின்ன ஓவனைவிட நாலு மடங்கு. கன்வெக்ஷன் மைக்ரோவேவை மகளே வேண்டாம் என்றாள், உள்ளே தட்டு சுழல வேண்டியிருப்பதால் சதுர டிரே நுழையாது, கேக் வெந்துகொண்டிருக்கும் முக்கால் மணி நேரம் பாட்டியால் பால் சுடவைக்கவும் முடியாது. பழைய மைக்ரோவேவ் பாலுக்கு இருக்கட்டும் என்று 30 லிட்டர் ஓடிஜி (மேடைமேல் வைக்கும் சின்ன கரண்ட் ஓவன்) வாங்கினோம். வாங்கியதை அழகாக அந்தக் கட்டத்துக்குள் செருகினேன். இரண்டாவது கேக்கிலேயே மேல்பலகையின் லேமினேட் அப்பளம் மாதிரி உப்பிவிட்டது. பில்ட்-இன் ஓவனில் வெப்பம் வெளியே கசியாமல் தடுக்கும் உறையும், குளிர்விக்க விசிறியும் உண்டு. ஓடிஜி வெறும் தகரப் பெட்டி, நாலு பக்கமும் மேலேயும் பத்து சென்டிமீட்டராவது காற்று வேண்டும். இப்போது அது ஜன்னலோரம் மேடைமேல், கட்டத்தில் அரிசி டப்பா.

ஓடிஜி டயலை நம்ப வேண்டாம். சர்க்கரை சுமார் 186 டிகிரியில் உருகும், அதை வைத்தே சோதிக்கலாம். டயலை 180-இல் வைத்து, இருபது நிமிடம் முன்சூடு செய்து, அலுமினியத் தாளில் ஒரு ஸ்பூன் சர்க்கரையை நடுத்தட்டில் வைத்தோம். கால் மணியில் தேன் மாதிரி உருகிக் கிடந்தது, ஆக உள்ளே 180-க்கு மேல். டயலைப் பத்துப் பத்தாகக் குறைத்துப் புதுச் சர்க்கரை வைத்துக்கொண்டே போனோம், 160-இல்தான் உருகாமல் நின்றது. மகள் அந்த இடத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து ‘நெசம்’ என்று எழுதியிருக்கிறாள். அதற்கப்புறம் கேக் மேலே வெடிப்பது நின்றது. தூத்துக்குடி மக்ரூன் மட்டும் இன்னும் பிடிபடவில்லை, முட்டை வெள்ளையும் முந்திரியும் சர்க்கரையும்தான், ஆனால் ஆகக் குறைந்த சூட்டில் மணிக்கணக்காகக் காய வேண்டும், எங்கள் டயலின் கடைசிப் புள்ளிகூட அதற்கு அதிகம்.

சரி, ஓட்டை. மூன்று பர்னர் ஸ்டீல் ஸ்டவ் வாங்குவது என்று முடிவாகிவிட்டது, கண்ணாடி வேண்டாம். அம்மாவின் உயரம்தான் பாக்கி. ஓட்டைக்குள் ஒரு தகரத் தொட்டியைத் தொங்கவிட்டு, சின்ன ஸ்டவ்வாகப் பார்த்து உள்ளே இறக்கிவைக்கலாமா என்று எனக்கு ஒரு யோசனை ஓடியது, படம்கூடப் போட்டேன். அப்புறம்தான் உறைத்தது, எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தண்ணீர் மாதிரி கீழேதான் இறங்கும், நான் அதற்குத் தொட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். படத்தைக் கிழித்துப் போட்டேன்.

அதே கிரானைட் ஆளை மறுபடி கூப்பிட்டேன். பார்த்தார், ‘அன்னைக்கே சொன்னேனே’ என்று சொல்லாமல் சிரித்தார், அதுவே பெரிய மனசு. ஓட்டை விழுந்த பகுதியை அகலம் 90 சென்டிமீட்டருக்கு முழுசாக அறுத்து எடுத்துவிட்டு, கீழே இருந்த டிராயர் பெட்டியையும் கழற்றி, அந்தப் பகுதியை மட்டும் பன்னிரண்டு சென்டிமீட்டர் கீழே இறக்கிப் புதுக் கல் போட்டோம். ஸ்டவ் அதன்மேல் உட்கார்ந்தால் பர்னர் கிட்டத்தட்ட மேடை மட்டத்துக்கு வருகிறது, முன்பக்கம் தடுப்பு இல்லாமல் திறந்தே இருக்கிறது. கீழேயும் கதவு இல்லை, சிலிண்டர் பக்கத்துக் கட்டத்தில், அதன் கதவைக் கழற்றிவிட்டேன், மாடுலர் ஆள் பார்த்தால் அழுவார். ஒன்றரை மீட்டர் ஹோஸ் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை கண்ணில் தெரிகிறது, அதில் அச்சடித்திருக்கும் வருஷத்தை அலமாரிப் பக்கவாட்டில் பேனாவால் எழுதிவைத்திருக்கிறேன், அஞ்சு வருஷத்தில் மாற்ற வேண்டும். மாட்டிய அன்று சோப்பு நுரையை இரண்டு முனையிலும் தடவிப் பார்த்தோம், குமிழி இல்லை.

ஹாப்பைப் பாதி விலைக்கும் கீழே விற்றேன். காலையில் குக்கரும் காபித் தண்ணீரும் இண்டக்ஷனில், மனைவி இப்போது எட்டு இருபதுக்கே கிளம்பிவிடுகிறாள். தோசை, சொதி, ரசம், கல்சட்டிக் குழம்பு கேஸில்.

முதலில் வெட்டியெடுத்த அந்த 56-க்கு 48 துண்டு மாடிப்படிக்குக் கீழே சாத்திக் கிடந்தது. மகள் ஓரத்தைப் பாலிஷ் போட்டுத் தரச் சொல்லிக் கிரானைட் ஆளிடமே கெஞ்சி வாங்கி, ஜன்னலோரம் ஓடிஜிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். கல் எப்போதும் குளுகுளுவென்று இருக்கும், பிஸ்கட் மாவில் வெண்ணெய் இளகாமல் தேய்க்கலாமாம். போன வாரம் அம்மா அதில் முறுக்குப் பிழிந்து காயவைத்திருந்தாள், அதற்கு ஒரு சண்டை.